பழவேற்காட்டு ஏரிக்கரை உணவகங்கள்

இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காட்டை அடுத்துள்ள கோட்டைக்குப்பம் பகுதியைப் பற்றியது. புதுச்சேரிக்கு அருகில் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்குப்பம் வேறு ஊர் ஆகும்.

பழவேற்காட்டு ஏரிக்கரை உணவகங்கள் என்பவை பழவேற்காடு, கோட்டைக்குப்பம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களிலும் வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்த்து நடைபெறும் சிறு ஓட்டல்கள், தேநீர்க்கடைகள், மீன் வறுவல் கடைகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவ்வூர்கள் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ தொலைவில் அமைந்துள்ளன. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியின் தென்கோடி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது.

பயணியும் ஓட்டலும்

தமிழில் ஓட்டல் என்னும் சொல் பெரும்பாலும் உண்ணும் இடத்தையே குறிக்கும். தங்கும் இடத்துக்கு விடுதி, லாட்ஜ் என்னும் சொற்கள் உள்ளன. பழவேற்காட்டுக்கு இந்த வேறுபாடு நன்கு பொருந்தும். இங்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்புவோர். அருகிலுள்ள தொடருந்து நிலையம் பொன்னேரி. அங்கிருந்து பேருந்தில் வரலாம். பூநாரை முதலிய நீர்ப்பறவைகளைக் காண்பதும், ஒல்லாந்தர் கல்லறைகளைப் பார்ப்பதும், பாலத்தைக் கடந்து கடற்கரைக்குச் செல்வதும் பயணத்தின் நோக்கங்களாகச் சொல்லப்படும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மீன் வறுவல் கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், உணவே முதல் நோக்கமோ என எண்ணத் தோன்றும்.

கடைகள் எளியவை. மிளகாய்த்தூள் மசாலா தடவிய மீன் துண்டுகள் கண்ணெதிரே பொரித்துத் தரப்படும். சோறு, மீன்குழம்பு, இறால் தொக்கு, நண்டு மசாலா ஆகியவை நண்பகல் உணவில் இடம்பெறும். படகுத்துறை அருகே ஏலத்தில் விற்கப்படும் மீனை வாங்கி, கூலி கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்வோரும் உண்டு.

தட்டில் வரும் மீன்

ஏரிக்கரையில் விற்கப்படுவது எல்லாம் ஏரி மீன் அன்று. சென்னைப் பயணிகள் விரும்பிக் கேட்கும் வஞ்சிரம் கடல் மீனாகும். மடவை, கெளுத்தி, கொடுவா, கரிமீன் போன்றவையே ஏரியில் கிடைப்பவை. இவற்றுள் கரிமீனைக் கேரள அரசு 2010-ல் மாநில மீனாக அறிவித்தது. அங்குப் பயணிகள் தேடிச் சென்று உண்ணும் மீன் அது. அதே இனம் பழவேற்காட்டு ஏரியிலும் வாழ்கிறது என்பது இங்கு வருவோரில் பலருக்குத் தெரியாது. ஏரிக்கரையில் அமர்ந்து ஏரி மீனை விட்டுக் கடல் மீனைக் கேட்பது பழக்கத்தின் வலிமை எனலாம். முள் மிகுதி என்பதும், சேற்று வாடை இருக்கும் என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

ஏரியின் பெருமைக்குரிய விளைபொருள் வெள்ளை இறால். இது கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இறால் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் நீர் முகத்துவாரத்தை அகலமாக்கும். கோடையில் அலை தள்ளும் மணல் அதைத் தூர்க்கும். முற்றிலும் அடைபட்ட ஆண்டுகளில் நீரின் உப்புத்தன்மை மிகுந்து மீன்வளம் குறைகிறது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது இப்பகுதி மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை.

யார் எங்கே வலை கட்டுவது என்பதை முடிவு செய்யும் மரபு 'பாடு' எனப்படுகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் நீரோட்டத்துக்கு எதிரே கழி நட்டு வலை கட்டும் இடங்கள், குலுக்கல் முறையில் முறைவைத்துப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தினர் இவ்வுரிமையை மரபாகக் கொண்டிருந்தனர். ஒரே இடத்துக்கு அனைவரும் போட்டியிடுவதைத் தவிர்க்கும் நல்ல ஏற்பாடு என ஆய்வாளர்கள் இதைப் பாராட்டியுள்ளனர். அதே ஏற்பாடு பிறரை வெளியே நிறுத்தவும் செய்தது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். இருளர் சமூகத்தினர் ஆழமற்ற நீரில் கையால் துழாவி இறால் பிடிப்பர். பிடித்ததை இடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பர். பயணியின் தட்டில் உள்ள இறால் எந்த வழியில் வந்தது என்பதைத் தட்டைப் பார்த்து அறிய முடியாது. அது ஏரி இறாலாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2009-ல் இந்தியாவில் வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்ட வனாமி இறால் இப்போது சந்தைகளில் பரவலாக விற்கப்படுகிறது.

நண்டின் கதை வேறு. சேற்று நண்டு உயிருடன், கொடுக்குகள் கட்டப்பட்டு, எடை வாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, சென்னை வழியாகச் சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. பெரிய நண்டுக்கு வணிகர் தரும் விலையை ஏரிக்கரை ஓட்டல் தர இயலாது. எனவே இங்கு மசாலாவில் வேகும் நண்டு பெரும்பாலும் சிறியது, கால் ஒடிந்தது, அல்லது கடலில் கிடைக்கும் நீலக்கால் நண்டு. பழவேற்காட்டு நண்டு எனப் பெயர் கேட்டு வருவோர் ஏமாற்றமடைவதுண்டு. அதற்குக் கடைக்காரரைக் குறைகூறுவது பொருந்தாது.

ஏவுதல் நாட்கள்

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் சிறீஅரிக்கோட்டா தீவில் 1971 முதல் விண்ணூர்திகள் ஏவப்படுகின்றன. ஏவுதலைக் காணப் பழவேற்காட்டுக்கு வருவோர் உண்டு. ஆனால் அந்நாட்களில் பாதுகாப்புக் கருதி மீனவர்கள் மீன்பிடிக்கச் செல்லத் தடை விதிக்கப்படுகிறது. கடைகளுக்கு வாடிக்கையாளர் கூடும் நாளில் மீன் வரத்து நின்றுவிடும் என்பது இதன் விளைவு. ஏவுதல் தள்ளிவைக்கப்பட்டால் தொழில் இழப்பும் நீளும்.

ஆண்டுதோறும் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. 2017-க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. பழவேற்காட்டின் சிறு படகுகள் இத்தடைக்கு உட்பட்டவை அல்ல. ஆயினும் சென்னைச் சந்தையில் தட்டுப்பாடு ஏற்படுவதால் இங்குள்ள மீனும் அங்கு இழுக்கப்பட்டு விலை உயர்கிறது. கோடை விடுமுறையில் வருவோர் மீன் விலை அதிகம் எனக் கருதுவது இதனால்தான்.

படகுப் பயணத் தடை

2011 திசம்பர் 25 அன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு முகத்துவாரப் பகுதியில் கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இதைத் தொடர்ந்து பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்வதற்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. அதுவரை படகுச் சவாரி மீனவர் பலருக்கு வார இறுதிக் கூடுதல் வருவாயாக இருந்தது. தடையை மீறிச் சவாரி நடப்பதாகப் பின்னர் பலமுறை செய்திகள் வந்தன. உயிர்க்காப்பு உடையோ ஏற்றும் அளவுக்குக் கட்டுப்பாடோ இன்றி முகத்துவார நீரோட்டத்தில் செல்வது எத்தகையது என்பதை 2011 நிகழ்வு காட்டிவிட்ட நிலையில், பயணிகள் அத்தகைய அழைப்பை மறுப்பதே தக்கது. ஏரியில் செல்ல வழியில்லாத பயணி கரையில்தான் பொழுதைக் கழிக்க வேண்டும். அவ்வகையில் உணவுக்கடைகளின் இடம் பெரிதாயிற்று.

குடிவகைகள்

இஞ்சித் தேநீர், சோடா, இளநீர் ஆகியவை வழக்கமானவை. சுற்றிலும் பனை மிகுந்த பகுதியாதலால் கோடையில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். பனையோலையால் கூடை முதலியன முடைவது பழவேற்காட்டு இசுலாமியப் பெண்களின் பெயர்பெற்ற கைத்தொழிலாகும்.

கேரளத்தின் கள்ளுக்கடைகள் மீன் உணவுக்குப் பெயர் பெற்றவை. கப்பையும் கரிமீனும் உண்ணவே அங்குச் செல்லும் பயணிகள் உள்ளனர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை உள்ளதால் அத்தகைய உணவு மரபு ஏரிக்கரையில் வளர வாய்ப்பில்லாமல் போயிற்று. பிற மதுவகைகளின் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் அரசு நிறுவனமான டாசுமாக்கிடம் உள்ளது. உரிமம் பெறாத உணவகங்கள் மது பரிமாறுவது குற்றமாகும்.

ஒல்லாந்தர் கட்டடங்கள்

ஒல்லாந்தர் 1613-ல் இங்கு செல்திரியா கோட்டையைக் கட்டினர். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. இங்கிருந்து ஏற்றுமதியான கட்டம் போட்ட துணியின் நினைவாக, மலாய் மொழியில் கைலி இன்றும் 'பெலெக்காட்' எனப்படுகிறது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இப்போது புதர் மண்டிய இடிபாடாக உள்ளது. செதுக்கு வேலைப்பாடு மிக்க கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இலங்கையில் ஒல்லாந்தர் கட்டடங்கள் வேறு வகையில் பயன்படுகின்றன. கொழும்பின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை சீரமைக்கப்பட்டு 2011-ல் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள 'மினிசுட்ரி ஆஃப் கிராப்' உணவகம் சேற்று நண்டுக்காகவே உலகப் பயணிகளிடையே பெயர் பெற்றது. பழவேற்காட்டில் கல்லறைகளைப் பார்த்து வருவோர் தேநீர் அருந்துவது சாலையோரக் கடைகளிலேயே. ஏற்றுமதிக்கான நண்டுக் கூடைகள் வண்டியேறுவதும் அதே சாலையில்தான்.