அச்சிட்டது, அனுப்பியது, விற்றது: சிறுவட்ட வாசகர்களுக்கான பதிப்புத் தொழிலில் எண்களின் பொருள்

ஒரு புத்தகம் எத்தனை படி போயிற்று என்ற கேள்விக்குப் பதிப்புத் தொழிலில் ஒரே விடை இல்லை. அச்சகத்திலிருந்து வந்த எண்ணிக்கை ஒன்று. ஏஜெண்டுகளுக்குப் பார்சல் கட்டி அனுப்பியது வேறொன்று. விற்காமல் திரும்பும் ரிட்டர்ன் போக வாசகர் கையில் தங்கியது மூன்றாவது. விற்பனை குறித்த வாதங்களில் ஒருவர் முதல் எண்ணைச் சொல்ல, மற்றவர் மூன்றாவதை வைத்து மறுக்கிறார். இம்மூன்றில் எந்த எண்ணின் மீது பதிப்பகத்துக்குப் பணம் வருகிறது என்பதே அதன் வாழ்வையும் வீழ்ச்சியையும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கு இரு சான்றுகளை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் கதாபாத்திர மேசை விளையாட்டு நூல்கள், சிவகாசியின் தமிழ்க் காமிக்ஸ். இரண்டும் சிறிய, தீவிரமான வாசகர் வட்டத்தை நம்பி, தொடர் வெளியீடுகளால் பிழைக்கும் தொழில்கள்.

முதலில் தரவு பற்றி. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி, ஒவ்வொரு நூலின் விலை, பக்க அளவு ஆகியவற்றோடு அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையும் அரசுப் பட்டியலில் ஏறியது. சென்னை மாகாணத்தின் காலாண்டு நூற்பட்டியல்கள் இன்று தமிழ் அச்சு வரலாற்றாய்வுக்குப் பெருந்துணை. அவை தருவது அச்சிட்ட எண்ணிக்கையை மட்டுமே, விற்றதை அல்ல. அந்த ஒரு சாளரமும் இப்போது அடைபட்டுவிட்டது. 1867 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு நூல்களை விட்டுவிட்டது. இதழ்களுக்காவது 1948 முதல் ஏ.பி.சி. அமைப்பின் விற்பனைத் தணிக்கை உண்டு, நூல்களுக்கு அப்படி எதுவும் இல்லை. தமிழ் நூல்களின் விவரப் பக்கத்தில் தாளின் எடையும் எழுத்தின் புள்ளி அளவும்கூட இருக்கும். எத்தனை படி என்ற ஒன்று பெரும்பாலும் இராது. நூறு நூறாக அச்சிட்டுக்கொள்ளும் வசதி வந்தபின், ‘ஐந்தாம் பதிப்பு’ என்ற வரியை வைத்து விற்பனையை ஊகிப்பதும் பொருளற்றதாகிவிட்டது.

கதாபாத்திர விளையாட்டில் ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி முடிவுகளைத் தீர்மானிப்பார்கள். இங்கே விற்பனைச் சரக்கு விதிநூல்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் முதலில் 1000 படிகளே அச்சாயிற்று. அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் உலகப் புகழ் பெற்று, 1997இல் கடனில் மூழ்கி, விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஏன் வீழ்ந்தது என்பதுதான் இத்துறையில் ஓயாத வாதம்.

பலரும் ஏற்கும் விளக்கம், கதையுலகங்கள் பெருகிவிட்டன என்பது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் களங்கள் வந்தன. ஒரு களத்தின் ஆட்டக்காரர் மற்றதன் நூல்களை வாங்குவதில்லை. ஆகவே நிறுவனம் தன் வாசகரைத் தானே துண்டாக்கிக்கொண்டது என்பார்கள். நிறுவனத்தை வாங்கிய தரப்பிலிருந்த ரயன் டான்ஸியின் பகுப்பாய்வு இந்தக் கருத்தை வலுவாக முன்வைத்தது. 2022இல் வரலாற்றாசிரியர் பென் ரிக்ஸ் வெளியிட்ட விற்பனை எண்களிலும் பிந்திய களங்கள் முந்தியவற்றைவிடக் குறைவாகவே விற்றிருக்கின்றன.

எண்கள் சரி. ஆனால் அவை நோயின் அறிகுறியைத்தான் காட்டுகின்றன என்பது என் கருத்து. குறைவாக விற்கும் என்று கண்முன் தெரிந்தும் ஏன் புதிது புதிதாக அச்சிட்டார்கள்? விடை, புத்தகக் கடைகளுக்கான விநியோகத்தை ஏற்றிருந்த ரேண்டம் ஹவுஸுடன் செய்துகொண்ட ஏற்பாட்டில் இருக்கிறது. சரக்கு விநியோகஸ்தரிடம் போய்ச் சேர்ந்தவுடனேயே அதன் மீது முன்பணம் கிடைத்தது. வாசகர் வாங்கினாரா என்பது பிறகு தெரியும். வாங்காத சரக்கு திரும்பி வரும்போது முன்பணம் கடனாக நிற்கும். நெருக்கடியான மாதத்தில் கைக்குப் பணம் வர ஒரே வழி மேலும் அச்சிட்டு அனுப்புவது. இத்தகைய கணக்கில் புதிய களம் என்பது படைப்பு முடிவு மட்டுமல்ல, கடன் வாங்கும் கருவியும்கூட. 1996இல் ரிட்டர்ன் மலையாகக் குவிந்தது. அச்சகப் பாக்கியும் சேர, புதிய நூல்களை அச்சிடவே முடியாமல் போனது.

வெளியீட்டு வரிசைகள் பெருகுவது மட்டுமே அழிவுக்குக் காரணமாகாது என்பதற்குச் சிவகாசி நல்ல சான்று. சௌந்திரபாண்டியன் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அவர் மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். பின்னர் திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று வரிசைகள் கிளைத்தன. சில நின்றன, சில ஒன்றோடொன்று இணைந்தன. நீண்ட தொய்வுகள் வந்தபோதும் தாய் நிறுவனம் மூழ்கவில்லை. 2012 தொடக்கத்தில் ₹100 விலையில் ‘கம் பேக் ஸ்பெஷல்’ வெளியானபின் தொழிலின் அடித்தளமே மாறிற்று. ஏஜெண்டு பாக்கியை நம்பிய விற்பனை பின்னுக்குப் போக, ஆண்டுச் சந்தா, முன்பதிவு, புத்தகக் கண்காட்சி, இணைய விற்பனை ஆகியவை முன்னுக்கு வந்தன. முன்கூட்டிப் பணம் கட்டியவர் எத்தனை பேர் என்பது, அச்சிடுவதற்கு முன்பே மேசைக்கு வரும் எண். அதில் ரிட்டர்ன் இல்லை, ஊகமும் குறைவு. வண்ணத்தில் பெரிய தொகுப்புகளைத் துணிந்து போட முடிந்ததற்கு இதுவே காரணம். விலை ஏறிவிட்டதே என்ற குறை நியாயமானது. ஆனால் சில ஆயிரம் பேரை நம்பும் தொழிலில் மலிவு விலை என்பது பெரும்பாலும் பதிப்பாளர் சுமக்கும் கடனின் மறுபெயர்.

லயன் தொடங்கிய அதே காலத்தில் இதன் எதிர்முனை, தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். 1984 முதல் 2005 வரை வந்தது. நாளிதழின் விநியோக வலை அதற்கு முதுகெலும்பு. பேப்பர் கட்டு இறங்கும் ஊரிலெல்லாம் இறங்கக்கூடிய மலிவு விலை இதழ். அதைப் படித்து வளர்ந்தவர்களில் பலர்தான் இன்று நடுவயதில் சந்தா கட்டும் வாசகர்கள் என்பது என் ஊகம். அது சரியென்றால், அன்று ஒருவர் அனுப்பிய படிகளின் பலனை இன்று இன்னொருவர் சந்தாவாகப் பெறுகிறார்.

சந்தா முறையின் குறை இங்கேதான் தெரிகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். தனிப் புத்தகக் கடையை எதிர்பார்க்க முடியாத ஊர். அங்கே ஒருவர் சந்தா கட்டினால் கூரியரிலோ அஞ்சலிலோ பார்சல் தவறாமல் வரும். சென்னை வாசகருக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. இது சிறிய சாதனை அல்ல. ஆனால் அதே தெருவில், அப்படியொரு நூல் இருப்பதையே அறியாத பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த முறையில் இடமில்லை. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும் இதழைத் தற்செயலாகக் கண்டு, கையிலிருக்கும் காசைக் கொடுத்து வாங்கும் வாய்ப்பு முன்பதிவில் கிடையாது. முன்பதிவின் எண் நேர்மையானது, ஆனால் ஏற்கனவே இருக்கும் வாசகரை மட்டுமே எண்ணுகிறது.

விளையாட்டு நூல்துறை இதை எப்படிச் சமாளித்தது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். விஸார்ட்ஸ் நிறுவனம் 2000இல் திறந்த உரிமத்தைக் கொண்டுவந்து, லாபம் குறைந்த துணைநூல்களைப் பிறர் எழுதட்டும், மூல விதிநூலின் விற்பனை அதனால் வளரட்டும் என்று விட்டது. 2014இல் அடிப்படை விதிகளை இலவசமாகவே தந்தது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்க முயன்றபோது ஆட்டக்காரர்கள் இணையச் சந்தாக்களை ரத்து செய்து எதிர்த்தார்கள். அம்மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, மைய விதிகளைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியிட்டது. நுழைவாயிலை மலிவாக வைத்து உள்ளே விலையுள்ளதை விற்கும் உத்தி அது.

தமிழ்க் காமிக்ஸுக்குப் பொருந்தும் வடிவம் வேறாக இருக்கலாம். சந்தாவில் வரும் உபரியில் ஒரு பங்கை முன்னதாகவே ஒதுக்கி, சிறிய கறுப்பு வெள்ளை இதழ் ஒன்றை மாவட்ட ஏஜெண்டுகள் வழியே பெட்டிக்கடைகளுக்கு அனுப்பலாம். கிளை நூலகங்களுக்கும் கொடுக்கலாம். ஒதுக்கிய தொகை தீர்ந்தால் அந்த ஆண்டுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் படிகளை விற்பனை இழப்பாக எழுதாமல், புதிய வாசகரைத் தேடிய செலவாக எழுத வேண்டும். அப்படி எழுதினால், அனுப்பிய எண்ணைக் காட்டி வருமானம் என்று நம்பிக்கொள்ளும் டி.எஸ்.ஆரின் வழிக்கு இடமில்லை. நைனார்பாளையத்துக் கடையில் எத்தனை இதழ் உண்மையில் விலைபோனது என்பதும் ஆண்டுக் கணக்கில் தனி வரியாக நிற்கும்.