பெட்டி எங்கே, பூட்டு எங்கே?

காட்டுப்பாக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய நாட்களை எண்ணும்போது, பணியில் நான் செய்த ஒரு பிழை இன்றும் உறுத்துகிறது.

1970களின் கடைசி. ஓர் அரசு அலுவலகத்தில் துப்பாக்கி உரிமப் பதிவேடு என் கையில். ஒரு பெரியவரின் இங்கிலாந்து இரட்டைக்குழல் ரைஃபிள் பற்றிய குறிப்பில் 'பாக்ஸ்லாக்' என்று இருந்தது. நான் 'பெட்டி, பூட்டுடன்' என்று தமிழில் எழுதிவிட்டேன். அடுத்த புதுப்பித்தலில் மேலதிகாரி, "பெட்டி எங்கே, பூட்டு எங்கே?" என்று கேட்டார். பாவம், பெரியவர் இரண்டு முறை பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

மூன்றாம் முறை ரைஃபிளையே பார்வைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, இதிலே லாக் என்றால் பூட்டு இல்லை. தோட்டாவைச் சுடும் பொறி" என்றார். எனக்குச் சுரீரென்றது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் கதவுப் பூட்டுக்கு 'செரூர்', துப்பாக்கிப் பொறிக்கு 'பிளாத்தின்' என்று தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'லாக்'தான்.

1875இல் பர்மிங்காம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியின் ஆன்சனும் டீலியும் அந்தப் பொறியைத் துப்பாக்கியின் உடலுக்குள்ளேயே அடக்கினார்கள். அதனால்தான் 'பாக்ஸ்'.

அப்படியானால் குழலை இறுக்கிப் பூட்டுவது எது? மடக்கித் திறக்கும் துப்பாக்கியைப் பரப்பியவர் பாரிஸ்காரர் லெஃபோஷே. 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகே ஆங்கிலேயர் அதில் மும்முரமாக இறங்கினர். 1863இல் லண்டன் பர்டி ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். குழலின் அடியில் முண்டுகள். அவற்றில் வெட்டிய பள்ளங்களுக்குள் நழுவும் இரும்புத் தாழ். குழலை மூடினால் ஸ்பிரிங் தள்ள, அது தானே விழும்.

ஆனால் யானைக்கும் காட்டெருமைக்கும் போடும் தோட்டா வெடிக்கும்போது, குழலின் பின்முனை பின்சுவரை விட்டு விலகப் பார்க்கும். கீல் கீழே இருப்பதால் மேற்பக்கம்தான் இடைவெளி விடும். தாழ் விட்டுக்கொடுத்தால் ஆபத்து சுடுபவர் முகத்துக்கு. ஆகவே பர்மிங்காம் கிரீனர் மேலேயும் ஒரு தாழ் வைத்தார். குழலின் மேலிருந்து நீளும் துண்டு பின்சுவருக்குள் நுழையும்; அதன் துளை வழியே உருளைக்கம்பி ஒன்று குறுக்கே பாயும். கிராமத்துக் கதவில் தாழ்ப்பாள் போட்ட பிறகும் குறுக்குக் கட்டை போடுவோமே, அதே யோசனை.

பெரியவர் மேஜைமேல் திறந்து மூடிக் காட்டினார். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அவர் வேட்டைக்குப் போனதில்லை. தகப்பனார் நினைவாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அன்றே சிவப்பு மையால் என் வரியை அடித்துத் திருத்தினேன். மேலதிகாரி கையெழுத்திட்டார். பெரியவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பெயர்த்தால், அலைவது யாரோ ஒருவர்.