திரையில் படத்துக்கு இடம் தருவது யார்?



நம் வீடுகளில் படம் மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. சாமி படத்துக்கு ஓர் இடம், மறைந்த பெரியவர்களின் படத்துக்கு ஓர் இடம், திருமணப் படத்துக்கு ஓர் இடம். எதை நடுவில் வைப்பது, எதை ஓரத்தில் வைப்பது என்பதை வீட்டுப் பெரியவர் முடிவு செய்கிறார். படத்தின் இடம் என்பது அதில் இருப்பவருக்கு நாம் தரும் மதிப்பு.

இன்று நம் குடும்பப் படங்களில் பெரும்பாலானவை சுவரில் இல்லை, கைப்பேசியில் இருக்கின்றன. அங்கே எந்தப் படம் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எந்தப் பகுதி மறைய வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? 'நிரல்' என்று சொல்லப்படும் எழுத்துக் கட்டளைகளே முடிவு செய்கின்றன. அந்தக் கட்டளைகள் எப்படித் தோன்றின, அவற்றால் நமக்கு என்ன ஆகிறது என்பதை இன்று பார்ப்போம்.

கதையைத் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1908ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பெரிய நூல் வெளிவந்தது. 'டுவென்டியத் செஞ்சுரி இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் பிரிட்டிஷ் மலாயா' என்பது அதன் பெயர். ஆர்னால்ட் ரைட் என்பவர் அதன் தலைமைப் பதிப்பாசிரியர். கிள்ளான் வட்டாரம் உட்பட மலாயாவின் ரப்பர் தோட்டங்களைப் பற்றிய செய்திகளும் ஏராளமான புகைப்படங்களும் அதில் உண்டு. துரைமார்களுக்கும் அவர்களுடைய பங்களாக்களுக்கும் அதில் பெயர் இருக்கிறது. பால் மரம் சீவியவர்களோ பொதுவாகக் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

பழைய தோட்டத்துக் குரூப் போட்டோக்களையும் நினைத்துப் பாருங்கள். நடுவில் நாற்காலியில் துரை, அவருக்கு இருபுறமும் கிராணிமார்கள், பின்வரிசையில் தண்டல்கள், கடைசி ஓரங்களிலும் தரையிலும் தொழிலாளர்கள். அந்தக் காலத்தில் படத்தில் ஒருவருடைய இடத்தை அவருடைய பதவி முடிவு செய்தது. நம் பாட்டன் பாட்டிமார் பலர் ஓரத்தில் நின்றவர்கள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, படங்கள் பத்திரிகைக்கு வந்த காலம். கோலாலம்பூரில் 1924இல் 'தமிழ் நேசன்' தொடங்கியது. 2019 வரை அது வெளிவந்தது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த நாட்களில், ஒரு புகைப்படத்தைப் பத்திரிகையில் போடுவது எளிய வேலையன்று. படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து, உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அந்தத் தகட்டை மரக்கட்டையில் பொருத்த வேண்டும். இதற்குப் 'பிளாக்' என்று பெயர். அச்சுக் கோப்பவர் அந்தப் பிளாக்கை எழுத்துகளுக்கு நடுவே இறுக்கி வைப்பார். பத்தியின் அகலத்துக்கு மேல் படம் நீண்டால், பிளாக் செய்யும்போதே ஓரம் வெட்டப்படும். வெட்டுப்பட்டவர் வெட்டுப்பட்டவரே. அச்சான பிறகு அவரை அந்தப் பக்கத்தில் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

பிறகு ஆப்செட் அச்சு வந்தது. அதன்பின் கணினி வந்தது. 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், சுவிட்சர்லாந்தில் உள்ள 'செர்ன்' ஆய்வு நிலையத்தில், உலகளாவிய வலைக்கான திட்டத்தை எழுதினார். தொடக்கத்தில் வலைப்பக்கத்துக்குள் எழுத்து மட்டுமே வந்தது. 1993ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க இளைஞரான மார்க் ஆண்ட்ரீசன் புதிய கட்டளை ஒன்றை முன்மொழிந்தார். 'இந்த இடத்தில் இந்தப் படத்தைக் காட்டு' என்பதே அதன் பொருள். அவரும் தோழர்களும் உருவாக்கிய 'மொசைக்' உலாவியில் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிந்தன.

படம் வந்துவிட்டது, ஆனால் அதை ஒழுங்காக நிறுத்துவது எப்படி? அன்றைய வடிவமைப்பாளர்கள் கட்டங்களை வரைந்து, அவற்றுக்குள் படங்களை அடைத்தார்கள். இடைவெளி வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு படத்தை இழுத்து நீட்டி அங்கே வைத்தார்கள். ஆட்டம் காணும் மேசையின் காலுக்கு அட்டையை மடித்து வைப்பது போன்ற வேலை அது.

இதற்குத் தீர்வாக, நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோகோன் வியூம் லீ 1994இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை ஓர் ஏட்டில் எழுதுவோம். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வேறோர் ஏட்டில் எழுதுவோம் என்றார் அவர். அந்த இரண்டாவது ஏட்டுக்குப் பாணித்தாள் என்று பெயர் சொல்லலாம். 1996 டிசம்பரில் அதன் முதல் விதிமுறை வெளியானது. படத்தின் அகலம் இவ்வளவு, ஓரத்தில் இவ்வளவு இடம் விடு, சுற்றிக் கோடு போடு என்றெல்லாம் அதில் எழுத முடிந்தது. படத்தைக் குறித்த இடத்தில் நிறுத்தும் கட்டளைகள் 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தன.

இதில் ஒரு பெரிய நன்மையைக் கவனியுங்கள். பாணித்தாள் படத்தைத் தொடுவதில்லை. அது படத்துக்கு முன்னால் ஒரு சன்னலை வைக்கிறது, அவ்வளவுதான். சன்னலை மாற்றினால் காட்சி மாறும். படம் முழுதாகவே இருக்கும். பிளாக் காலத்தில் இல்லாத வசதி இது.

இதே ஆண்டுகளில் தமிழுக்கு வேறொரு தொல்லை இருந்தது. வெளியூரில் இருப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால், நாம் எழுதியது அங்கே புரியாத குறிகளாகத் தெரியும். ஆகவே, பலர் தமிழ்ச் சொற்களையே படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டினார்கள். அந்த எழுத்தைத் தேட முடியாது, திருத்தவும் முடியாது. தமிழ் எழுத்தை எழுத்தாகவே நிறுத்த உழைத்தவர்களில் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முக்கியமானவர். 1980களிலேயே 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை அவர் உருவாக்கினார். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவும் அவருடையதே. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று, கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இல்லாததால், எழுத்தின் வடிவங்களைச் செயலியே சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு செய்தி நம் மக்களுக்கு நெருக்கமானது. 1996இல் மலேசிய அரசு, தகவல் தொழில்நுட்பத்துக்காக மல்டிமீடியா சூப்பர் காரிடோர் திட்டத்தைத் தொடங்கியது. கோலாலம்பூருக்குத் தெற்கே சைபர்ஜெயாவும் புத்ராஜெயாவும் எழுந்தன. புத்ராஜெயா எழுந்த நிலம் எது? பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயர்கள் தொடங்கிய தோட்டம் அது. 'பெரும்போர்' என்பதே அந்தப் பெயரின் பொருள். பிராங் புசார், காலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் அங்கிருந்து பெயர்ந்து, டிங்கில் வட்டாரத்தில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றன. லயம் போயிற்று, பால் மரம் போயிற்று. இப்படிப் பெயர்ந்த குடும்பங்களுக்குப் பழைய தோட்டத்தைக் கண்ணால் காட்டுவதற்கு மிஞ்சுபவை புகைப்படங்கள்தாம். அதனால்தான் படம் திரையில் எப்படி நிற்கிறது என்பது நமக்குச் சின்ன விஷயம் அன்று.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்தது. மறு ஆண்டே ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தது. முதல் ஐபோனின் திரையில் அகலத்தில் 320 புள்ளிகள், உயரத்தில் 480 புள்ளிகள். 2010இல் வந்த ஐபோனில் திரையின் அளவு அதேதான். புள்ளிகளோ இருபுறமும் இரண்டு மடங்கு. பழைய கணக்குப்படி 100 புள்ளி அகலம் என்று எழுதினால், புதிய திரையில் படம் பாதியாகச் சுருங்கிவிடும் அல்லவா? எனவே, உண்மையான புள்ளியை எண்ணாமல், கற்பனையான ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டார்கள். ஆண்ட்ராய்டில் ஓர் அங்குலத்துக்கு 160 என்பது அந்த அளவுகோல். நிரல் எழுதுபவர் அதில் எழுதுவார். அந்தந்தக் கைப்பேசி தன் திரைக்கேற்பப் பெருக்கிக்கொள்ளும்.

அளவு முடிந்தது, அடுத்தது பொருத்தம். வானொலியில் படம் காட்ட முடியாது. ஆகவே, ஒரு படத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு தோட்டத்துக் குரூப் போட்டோ. அகலம் 1200 புள்ளி, உயரம் 800 புள்ளி. ஒரே வரிசையில் 12 பேர் சம இடைவெளியில் நிற்கிறார்கள். இந்தப் படத்தைச் செயலியில் ஒரு சதுரக் கட்டத்தில் வைக்க வேண்டும். நிரலில் இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, 'கட்டத்தை நிரப்பு' என்பது. உயரம் 800 முழுதும் தெரியும். அகலத்திலும் 800தான் தெரியும். மீதி 400 புள்ளி, இருபுறமும் இருநூறு இருநூறாக மறைந்துவிடும். 12 பேரில் இடது ஓரத்தில் 2 பேர், வலது ஓரத்தில் 2 பேர், ஆக 4 பேர் காணாமற் போவார்கள்.

இரண்டாவது வழி, 'முழுதும் அடங்கச் செய்' என்பது. படம் சிறுத்துக் கட்டத்துக்குள் அடங்கும். மேலும் கீழும் வெற்றிடம் இருக்கும்; ஆனால் 12 பேரும் தெரிவார்கள்.

மூன்றாவது வழி, 'இழுத்து நீட்டு' என்பது. யாரும் மறைய மாட்டார்கள். ஆனால் எல்லாருடைய முகமும் சுரைக்காய் போல நீண்டுவிடும்.

இவற்றில் பார்வைக்கு எடுப்பாக இருப்பது முதல் வழிதான். அதனால் பல செயலிகள் அதையே கையாளுகின்றன. நடுவில் இருப்பவர் பிழைத்துக்கொள்வார். ஓரத்தில் நின்றவர் மறைவார். பழைய தோட்டத்துப் படங்களில் ஓரத்தில் நின்றவர்கள் யார் என்று முன்பே சொன்னேன். அன்று துரைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காத பாட்டி, இன்று பேரனின் கைப்பேசியிலும் வெளியே நிற்கிறாள்.

இப்படி வெட்டும் வேலையை இயந்திரமே முடிவு செய்தால் என்ன ஆகும்? டுவிட்டர் நிறுவனம் 2018 முதல் படத்தின் முக்கியமான பகுதியைக் கணினியே தேர்ந்தெடுத்துக் காட்டும்படி செய்திருந்தது. 2020இல், கறுப்பினத்தவரை விட்டுவிட்டு வெள்ளையரையே அது காட்டுகிறது என்று பயனர்கள் முறையிட்டார்கள். நிறுவனம் சோதித்துப் பார்த்தது. வெள்ளையருக்கு 4 விழுக்காடும், ஆண்களைவிடப் பெண்களுக்கு 8 விழுக்காடும் சாய்வு இருப்பதை 2021 மே மாதம் வெளியிட்டு, அந்த முறையைக் கைவிட்டது. எப்படி வெட்டுவது என்பதை மனிதரே முடிவு செய்வது நல்லது என்ற கருத்துக்கு அவர்கள் வந்தார்கள்.

தமிழுக்கென்றே ஒரு கவனமும் வேண்டும். படத்துக்குக் கீழே 'சேவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இடம் அளந்து வைத்தால், 'சேமிக்கவும்' என்பது அதில் அடங்காது. பிதுங்கிப் படத்தின்மேல் ஏறும், அல்லது பாதியில் அறுந்துபோகும். ஆகவே, படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இடத்தை நிலையான எண்ணில் கட்டிவைக்காமல், எழுத்தின் நீளத்துக்கேற்ப விரியும்படி நிரல் எழுத வேண்டும். பார்வையற்றவருக்காகப் படத்தைப் பற்றிய ஒரு வரிக் குறிப்பையும் நிரலில் சேர்க்கலாம். கைப்பேசி அதை வாசித்துக் காட்டும். அந்த வரியில் பாட்டியின் பெயரை எழுதலாம். 1908ஆம் ஆண்டு நூலில் தொழிலாளர்களுக்குக் கிடைக்காதது அதுதானே?

நேயர்களே, இவையெல்லாம் கற்க முடியாத வித்தைகள் அல்ல. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பிள்ளைக்கு இடம், அளவு, இடைவெளி ஆகியவை முன்பே பழகியவை. 2015இல் வந்த ரியாக்ட் நேட்டிவ், 2018இல் முழு வடிவம் பெற்ற ஃப்ளட்டர் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் சொன்ன மூன்று வழிகளும் அவற்றில் ஒவ்வொரு சொல்லாக இருக்கின்றன. அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். மறைந்த 4 பேரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூலப்படம் முழுதாக இருக்க வேண்டும். வெட்டிய நகலை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால், எந்த நிரலாலும் ஓரத்தில் நின்றவரை மீட்க முடியாது. எனவே, பெட்டியடியில் கிடக்கும் பழைய படங்களை எடுங்கள். ஓரம் வெட்டாமல் முழுதாகப் பிரதி எடுத்து வையுங்கள். யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கணினி படிக்கும் பிள்ளைகள் நம் வீட்டில் இருந்தால், தோட்டத்துப் படங்களுக்கென்று ஒரு செயலி எழுதச் சொல்லுங்கள். அதில் முதல் கட்டளை, 'முழுதும் அடங்கச் செய்' என்பதாக இருக்கட்டும்.