வெனிஸின் உயர்மேடைக் காலணிகளும் கருவுற்ற உடலும்

1430ஆம் ஆண்டில் வெனிஸ் குடியரசின் பெருமன்றம் அந்நகரப் பெண்கள் அணிந்த உயர்மேடைக் காலணிகளின் உயரத்துக்கு வரம்பு விதித்தது. அவற்றை அணிந்து நடக்கும் கருவுற்ற பெண்கள் தடுமாறி விழுவதால் கரு சிதைவதும் குழந்தை குறைமாதத்தில் பிறப்பதும் நேர்கின்றன என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். உடை, நகை, விருந்து ஆகியவற்றில் செல்வர்கள் செய்த செலவை மட்டுப்படுத்தும் ஆடம்பரக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இடைக்கால இத்தாலிய நகரங்களில் மிகுதியாக இயற்றப்பட்டன. அவற்றின் நடுவே, பணத்தை விட்டுக் கருவுற்ற உடலின் தடுமாற்றத்தைப் பேசிய இச்சட்டம் காலணி வரலாற்றைப் பயில்வோர் நின்று நோக்கத் தக்கது.

சோப்பின் என்று அறியப்படும் இக்காலணி, இன்றைய ஹை ஹீல்ஸைப் போலக் குதிகாலை மட்டும் உயர்த்துவதன்று. பாதம் முழுவதையும் ஒரு பீடத்தின்மேல் ஏற்றி நிறுத்துவது. ஸ்பெயினில் அந்தப் பீடம் தக்கையால் செய்யப்பட்டது. வெனிஸில் மரத்தைச் செதுக்கி, மேலே தோல் போர்த்தினார்கள். வெனிஸின் கொர்ரெர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரமுள்ள சோப்பின்கள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் ஒரு பெண் இத்தகைய ஒன்றின்மேல் ஏறிக் கற்பாலத்தின் படிகளில் இறங்குவதை எண்ணிப் பார்த்தால், மன்றத்தின் அச்சம் மிகையானதன்று என்பது விளங்கும்.

இவ்வளவு இடருடைய ஒன்றை உயர்குடிகள் ஏன் விரும்பின என்பதற்குக் காலணி வரலாற்றாய்வாளர் எலிசபெத் செம்மெல்ஹாக் தரும் விளக்கம் ஏற்கத்தக்கது. இத்தாலியில் சோப்பின் பெரும்பாலும் பாவாடையின் விளிம்புக்குள் மறைந்தே இருந்தது. ஆகவே காலணி உயர உயர, அதை மூடுவதற்கு வேண்டிய துணியின் நீளமும் கூடியது. விலையுயர்ந்த பட்டை நெய்தும் விற்றும் செழித்த நகரத்தில், ஒரு பெண்ணின் உடலைச் சுற்றிய துணியின் அளவு அவள் குடும்பத்தின் செல்வத்தை ஊருக்கு அறிவித்தது. அவளுக்கு இருபுறமும் பணிப்பெண்கள் தோள் கொடுத்து நடந்ததும் அதே அறிவிப்பின் பகுதியே.

இந்தப் பின்னணியில் 1430ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தால், அதன் அக்கறை எங்கே நிலைகொண்டிருந்தது என்பது தெளிவாகும். காலணி குடும்பத்தின் பெருமையைக் காட்டியது. கருவிலிருந்த குழந்தை அதே குடும்பத்தின் வாரிசாக இருந்தது. இரண்டும் மோதியபோது மன்றம் வாரிசின் பக்கம் நின்றது. இரண்டையும் சுமந்த பெண்ணின் முதுகும் முழங்காலும் பாதமும் தமக்கென ஒரு பொருட்டாகக் கருதப்படவில்லை. சட்டம் பயனும் தரவில்லை. 1600இல் வெளியான ஃபப்ரிட்சியோ கரோசோவின் நடன நூல், சோப்பின் அணிந்த பெண் நளினமாக நடப்பதும் ஆடுவதும் எப்படி என்று கற்பிக்கிறது. 1608இல் வெனிஸுக்குச் சென்ற ஆங்கிலப் பயணி தாமஸ் கோரியட், துணையின்றித் தனியே வந்த ஒரு பெண் சிறு பாலமொன்றின் படிகளில் சோப்பினோடு விழுந்ததைக் கண்டு தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார்.

சோப்பின் மறையத் தொடங்கிய அதே காலத்தில், குதிகாலை மட்டும் உயர்த்தும் காலணி வேறொரு வழியில் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. பாரசீகக் குதிரைவீரர்கள், சேணத்திலிருந்து தொங்கும் மிதிவளையத்தில் கால் நழுவாதிருக்க அணிந்த குதியுயர்ந்த காலணியே அதன் மூதாதை. முதலாம் ஷா அப்பாஸ் 1599இல் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழுவை அனுப்பிய காலத்தை ஒட்டி அது மேற்கத்திய ஆண்களிடையே பரவியது. 1701இல் இயாசிந்த் ரிகோ தீட்டிய ஓவியத்தில் பதினான்காம் லூயி சிவப்புக் குதி அணிந்து நிற்கிறார். பதினேழாம் நூற்றாண்டிலேயே பெண்களும் அதை ஏற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்கள் கைவிட்டபின் அது பெண்களுக்கே உரியதாயிற்று.

அந்த நூற்றாண்டின் இறுதியில் டச்சு உடற்கூற்றியலாளர் பெட்ரஸ் காம்பர், சிறந்த காலணியின் வடிவம் பற்றி 1781இல் ஒரு நூலே எழுதினார். பேறுகால மருத்துவத்திலும் ஈடுபட்டிருந்த அவர், பாதத்தின் எலும்புகளையும் அசைவையும் ஆராய்ந்து, காலணி பாதத்துக்கேற்ப அமைய வேண்டும் என்றும் உயர்ந்த குதி உடலின் இயல்பான நிலைப்பைக் குலைக்கிறது என்றும் வாதிட்டார். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் வேறுபாடின்றி ஒரே வடிவில் காலணி தைக்கப்பட்ட காலம் அது என்பதை நினைத்தால், அவருடைய பேச்சின் துணிவு புலப்படும்.

கருவுற்ற உடல் தன்னை எவ்வாறு தாங்கிக்கொள்கிறது என்பது அண்மைக் காலத்தில்தான் அளந்து அறியப்பட்டது. கரு வளர வளர உடலின் எடைமையம், அதாவது உடல் எடை முழுவதும் ஒன்றுகூடி இயங்குவதாகக் கொள்ளப்படும் புள்ளி, முன்னோக்கி நகர்கிறது. அதை ஈடுகட்டப் பெண் தன் இடுப்புப் பகுதி முதுகெலும்பைப் பின்னோக்கி வளைக்கிறாள். கேத்தரின் விட்கோம், லிசா ஷாபிரோ, டேனியல் லீபர்மேன் ஆகியோர் 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பேறுகாலம் நெருங்கும்போது இந்த வளைவு 60 விழுக்காடு வரை கூடக்கூடும். அவ்வளைவு ஆண்களிடம் இரண்டு முள்ளெலும்புகளிலும் பெண்களிடம் மூன்றிலும் பரவியிருப்பதால், பெண்ணின் முதுகு மிகுந்த சுமையைப் பகிர்ந்து தாங்குகிறது. இந்த வேறுபாடு ஆஸ்திரலோபித்தேக்கஸ் எனும் தொல்மனித இனத்தின் எலும்புகளிலும் காணப்படுகிறது. இருபது இலட்சம் ஆண்டுகளாகப் பரிணாமம் செம்மைப்படுத்திய இச்சமநிலையின் கீழ், உடலெடையை முன்பாதத்துக்குத் தள்ளும் ஒரு குதியை வைக்கும்போது, கெண்டைக்கால் தசைகள் சுருங்கிய நிலையிலேயே உழைக்கின்றன. கணுக்கால் பக்கவாட்டில் பிசகும் வாய்ப்பும் கூடுகிறது.

இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் காலணிக் கலை எதிர்த்திசையில் வளர்ந்தது. தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பயின்ற சல்வத்தோரே ஃபெர்ரகாமோ, 1930களில் எஃகு கிடைப்பது அரிதானபோது தக்கையால் ஆப்பு வடிவக் குதியை உருவாக்கினார். அதன் அகன்ற அடித்தளம் நிற்பவருக்கு உறுதி தந்தது. 1950களிலோ, ரோஜே விவியே போன்றோர் உருவாக்கிய ஊசிக்குதி, உள்ளே செருகிய உலோகத் தண்டின் வலிமையால், ஒரு பெண்ணின் முழு எடையையும் விரல்நுனி அளவே உள்ள பரப்பின்மேல் நிறுத்தியது. கருவுற்ற பெண்ணுக்குக் குதியின் உயரத்தைப் போலவே அதன் அடிப்பரப்பும் முக்கியம் என்பதை இவ்விரண்டையும் ஒப்பிட்டால் உணரலாம். தாழ்ந்த, அகன்ற குதியும் பாதத்தை இறுகப் பற்றும் மேற்பகுதியும் அவளுக்கு ஏற்றவை.

பாதமே மாறிவிடுகிறது என்ற உண்மை இன்னும் தாமதமாகவே அளக்கப்பட்டது. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 49 பெண்களின் பாதங்களைக் கருவுற்ற தொடக்க மாதங்களிலும் பிள்ளைப்பேற்றுக்கு ஏறத்தாழ 19 வாரங்களுக்குப் பின்னும் அளந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 60 முதல் 70 விழுக்காட்டினரின் பாதம் நீண்டும் அகன்றும் இருந்தது. நீளம் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை கூடியிருந்தது. கூடிய எடையாலும் தசைநார்களின் தளர்ச்சியாலும் பாதத்தின் உள்வளைவு தாழ்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இம்மாற்றம் முதல் பேற்றில் மிகுதியாகத் தெரிந்தது. கால்வீக்கம் பேற்றுக்குப் பின் வடிந்துவிடும்; தாழ்ந்த வளைவோ மீளாமலே போகலாம். ஆகவே பிள்ளை பெற்ற பெண் பழைய எண்ணை நம்பிக் காலணி வாங்காமல், எழுந்து நின்று, எடை முழுவதையும் ஊன்றிய நிலையில் தன் இரு பாதங்களையும் மீண்டும் அளந்துகொள்ள வேண்டியவளாகிறாள்.