இந்தியாவில் கைத்துப்பாக்கி மாற்றிக்கொள்ளல்

கைத்துப்பாக்கி மாற்றிக்கொள்ளல் என்பது உரிமம் பெற்ற ஒருவர் தம்மிடமுள்ள ஒரு சிறிய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வேறொன்றைப் பெறுவதைக் குறிக்கும். இந்தியாவில் இது ஆயுதச் சட்டம், 1959, ஆயுத விதிகள், 2016 ஆகியவற்றுக்கு உட்பட்டது. இக்கட்டுரை அச்சட்ட நிலையையும், முடிவெடுக்கும்போது கருத்தில் கொள்ளப்படும் கூறுகளையும், விழுப்புரம் மாவட்டத்தின் விக்கிரவாண்டி போன்ற ஊர்களில் வாழும் உரிமதாரருக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பதையும் விளக்குகிறது.

சட்ட நிலை

ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. "மாற்றிக்கொள்ளல்" என்ற தனிச் செயல் இச்சட்டத்தில் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது இரண்டு தனித்தனிக் கைமாற்றங்கள் ஆகும்: பழைய துப்பாக்கியை ஒருவருக்கு அளிப்பது ஒன்று, புதியதைப் பெறுவது மற்றொன்று. இரண்டிலும் பெறுபவர் அவ்வகைச் சுடுகலனுக்கான உரிமம் உடையவராக இருத்தல் வேண்டும்.

சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, தனியார் ஒருவர் தம் சுடுகலனை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ விரும்பினால், அந்த நோக்கத்தையும் பெறுபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இங்கு நடுவர் எனப்படுபவர் மாவட்ட ஆட்சியரே ஆவார். தெரிவித்த பின் 45 நாட்களேனும் கழிந்த பிறகே துப்பாக்கியைக் கைமாற்றலாம். இருவரும் ஒப்புக்கொண்ட அன்றே துப்பாக்கிகளைக் கைமாற்றிக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பானது.

ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்ந்தது. எனவே ஏற்கனவே இரு சுடுகலன்கள் உடைய ஒருவர், பழையதை முறைப்படி அளித்த பின்னரே புதியதைப் பெற இயலும். இத்திருத்தத்தின்படி உரிமமின்றிச் சுடுகலன் வைத்திருப்போருக்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். தடைசெய்யப்பட்ட வகை எனில் இது 7 முதல் 14 ஆண்டுகள் ஆகும்.

கிடைக்கும் வகைகள்

9 மிமீ துளையளவு தடைசெய்யப்பட்ட வகையாகும். படையினரும் காவல்துறையினரும் பயன்படுத்தும், இசாப்பூர் துமுக்கித் தொழிற்சாலையின் 9 மிமீ கைத்துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. ஆகையால் பொதுமக்களின் தெரிவு பெரும்பாலும் .32 துளையளவுக்குள் அடங்குகிறது. இத்தோட்டாவை ஜான் பிரவுனிங் 1899இல் வடிவமைத்தார். இதன் மெட்ரிக் அளவு 7.65×17 மிமீ.

தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. பெரும்பாலும் அதற்கு முன் வந்தவையே உரிமதாரர்களிடையே கைமாறி வருகின்றன. அவற்றுள் அறியப்பட்ட சில:

- வால்தர் பிபி (1929): நீளம் 170 மிமீ, குழல் 98 மிமீ, 8 தோட்டாக்கள்.
- வால்தர் பிபிகே: மேற்கண்டதன் சிறிய வடிவம். நீளம் 155 மிமீ, குழல் 83 மிமீ, 7 தோட்டாக்கள்.
- எஃப்என் 1910: பிரவுனிங் வடிவமைத்தது. நீளம் ஏறத்தாழ 153 மிமீ, 7 தோட்டாக்கள். 1914இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்சு பெர்டினாண்டு கொல்லப்பட்டது இவ்வகையின் .380 வடிவத்தால் ஆகும்.

உள்நாட்டில் ஆயுதத் தொழிற்சாலைகளின் "அஷானி" என்னும் .32 கைத்துப்பாக்கி கிடைக்கிறது. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலை உள்ளிட்ட சிறு ஆயுதத் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தன.

கருத்தில் கொள்ளப்படுபவை

இயக்கம்: வால்தர் வகைகளில் தோட்டா அறையில் இருக்கையில் சுத்தியைப் பாதுகாப்பாக இறக்கி வைக்கலாம், விசையை நெடுக இழுத்தால் முதல் குண்டு வெளியேறும். எஃப்என் 1910இல் வெளிச்சுத்தி இல்லை. பிடியை அழுத்தினால் மட்டுமே விடுபடும் பாதுகாப்புத் தடை உண்டு. ஒன்றில் பழகிய கை மற்றொன்றுக்கு உடனே பழகுவதில்லை. புதிய பயிற்சி தேவைப்படும்.

உதிரி உறுப்புகள்: பழைய இறக்குமதித் துப்பாக்கிகளுக்குச் சுருள்வில், தோட்டாக்கூடு போன்றவை எளிதில் கிடைப்பதில்லை. உள்நாட்டுத் துப்பாக்கியை உரிய தொழிற்சாலை மூலம் பழுதுபார்க்க வாய்ப்புண்டு.

தோட்டா: இரண்டும் ஒரே .32 கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பயன்படுத்தினால் மீந்த தோட்டாக்கள் வீணாவதில்லை. .32 சுழல் துப்பாக்கியின் தோட்டா வேறானது. பெயர் ஒத்திருப்பதால் ஒன்றை மற்றொன்றில் இடுவது ஆபத்தானது.

மீளப்பெற இயலாமை: இறக்குமதி இல்லாததால் நல்ல நிலையிலுள்ள பழைய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் அதுபோன்ற இன்னொன்றைப் பெறுவது கடினம். இவற்றின் விலை உயர்ந்திருப்பதற்கும் இதுவே காரணம். எனினும் அரிதாயிருப்பதால் ஒரு துப்பாக்கி நம்பகமானது ஆகிவிடாது. குழலின் தேய்மானம், வெடிப்பு, தொடர் எண்ணின் தெளிவு ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். தொடர் எண் அழிக்கப்பட்ட அல்லது உரிமத்தில் உள்ள எண்ணுடன் ஒவ்வாத துப்பாக்கியை ஏற்கக் கூடாது.

வாரிசுரிமை: 2016 விதிகளின்படி உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் சட்டபூர்வ வாரிசுக்கு அதை மாற்ற விண்ணப்பிக்கலாம். வாரிசும் உரிமம் பெறத் தகுதியுடையவராக இருத்தல் வேண்டும். குடும்பத்தில் தொடர வேண்டிய துப்பாக்கி எனில் மாற்றத்துக்கு முன் இது சிந்திக்கத்தக்கது.

விழுப்புரம் மாவட்டத்தில்

விக்கிரவாண்டி, திண்டிவனம் வட்டங்களைச் சேர்ந்தோருக்கு உரிமம் வழங்கும் அதிகாரி விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் ஆவார். காவல்துறை அறிக்கையைப் பெற்ற பின்னரே அவர் முடிவெடுக்கிறார். கைமாற்றம் நிறைவுற்றதும் பழைய துப்பாக்கியின் பதிவு உரிமத்தில் நீக்கப்பட்டு, புதியதன் வகை, துளையளவு, தொடர் எண் ஆகியவை சேர்க்கப்பட வேண்டும். தேசியத் தரவுத்தளத்தில் உரிமதாரருக்குள்ள தனி அடையாள எண்ணின் கீழும் இம்மாற்றம் பதிவாக வேண்டும்.

தேர்தல் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளபோது, மாவட்டக் குழு ஆய்வு செய்து கோரும் உரிமதாரர்கள் தம் சுடுகலன்களை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த துப்பாக்கியை அது திரும்பக் கிடைக்கும் வரை பிறருக்குக் கொடுக்க இயலாது. விக்கிரவாண்டித் தொகுதி மக்கள் 2024இல் ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலிலும், ஜூலை 10 அன்று சட்டமன்ற இடைத்தேர்தலிலும் வாக்களித்தனர். இத்தகைய ஆண்டில் 45 நாள் காத்திருப்பு மேலும் நீளக்கூடும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரே மாநிலத்தில் வாழும் இரு தனியார் துப்பாக்கிகளை மாற்றிக்கொள்வதற்குக் கூட்டரசுச் சட்டம் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. சில மாநிலங்கள் கட்டாயமாக்கியுள்ளன. பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டு டன்பிளேன் பள்ளிப் படுகொலையைத் தொடர்ந்து, 1997இல் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. இந்திய முறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இங்கு கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கைமாற்றமும் அரசுக்குத் தெரிந்தே நடைபெற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஆயுதச் சட்டம், 1959
- கைத்துப்பாக்கி
- சுழல் துப்பாக்கி
- ஜான் பிரவுனிங்
- விழுப்புரம் மாவட்டம்