உப்பளம் கூறும் பிணைப்பின் வரலாறு



முன்னேஸ்வரத்திலே வழிபாடு முடித்துச் சிலாபத்தினின்றும் வடக்கே புத்தளம் நோக்கிச் செல்வோர், கடல்நீரேரியின் ஓரமாய் உப்புப் பாத்திகள் பரந்து கிடக்கக் காண்பர். வெயிலும் காற்றும் நீரைக் கவர்ந்து செல்ல, உப்பு எஞ்சி நிற்கின்றது. மலைநாட்டிலே உப்பு விளைவதில்லை. ஆதலின் 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் கைக்கொண்டபோது, கண்டியரசு உப்புக்கும் அவர்களை எதிர்நோக்க வேண்டியதாயிற்று.

ஓர் அரசையே தவிக்கச் செய்ய வல்ல இப்பொருள் எதனால் ஆயது? 1774இல் சுவீடன் நாட்டு ஷீலே என்பார் பசுமஞ்சள் நிறமான ஒரு வாயுவைப் பிரித்தெடுத்தார். 1807இல் இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி, மின்சாரத்தைக் கொண்டு சோடியம் என்னும் உலோகத்தைப் பெற்றார். அந்த வாயுவும் ஒரு மூலகமே என 1810இல் நிறுவி, அதற்குக் குளோரீன் எனப் பெயரிட்டவரும் அவரே. சோடியமோ நீரிற் பட்டாற் சீறி எழுவது. குளோரீனோ 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்திலே நச்சு வாயுவாக ஏவப்பட்டது. இவ்விரண்டும் கூடினால் நாம் நாடோறும் உண்ணும் உப்பு ஆகின்றது! அணுக்கள் எங்ஙனம் பிணைகின்றன? ஏன் பிணைகின்றன?

1897இல் தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்த பின்னரே விடைக்கு வழி பிறந்தது. 1916இல் ஜெர்மனியில் கொசெலும் அமெரிக்காவில் லூயிசும் தனித்தனியே விளக்கம் தந்தனர். சோடியம் தன் வெளியோட்டிலுள்ள ஓர் இலத்திரனை இழந்து நேரேற்றம் பெறுகின்றது; குளோரீன் அதனை ஏற்று மறையேற்றம் பெறுகின்றது; எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவர்கின்றன. இது அயன் பிணைப்பு. நீரிலோ இலத்திரன்கள் கைமாறிவிடுவதில்லை. ஐதரசனும் ஒட்சிசனும் அவற்றைச் சோடி சோடியாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. இப்பங்கீட்டை எடுத்துரைத்தவர் லூயிஸ்.

"சோடியம் கொடுக்கின்றது, குளோரீன் வாங்குகின்றது, இரண்டும் நிறைவடைகின்றன" என்று நம் மாணவர் ஒப்புவிப்பர். கலைப் பட்டதாரியாகிய நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணக்குப் பார்த்தாலோ உண்மை வேறு. 58.5 கிராம் உப்புக்கு வேண்டிய சோடிய அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரிக்க ஏறத்தாழ 496 கிலோயூல் சக்தி செலவாகின்றது. குளோரீன் அவற்றை ஏற்கையில் 349 கிலோயூல்தான் மீள்கின்றது. ஆகவே கொடுக்கல் வாங்கலில் மிஞ்சுவது 147 கிலோயூல் நட்டமே! பின்னர் அயன்கள் யாவும் நெருங்கிப் பளிங்காக அமைகையில் ஏறத்தாழ 787 கிலோயூல் வெளிப்படுகின்றது. நட்டத்தை ஈடுசெய்து இலாபம் தருவது அந்த நெருக்கமே. அணுக்களுக்கு ஆசையுமில்லை, ஈகையுமில்லை. சக்தி குறைந்த நிலையை எய்துவதே பிணைப்பின் காரணம்.

அந்த நெருக்கத்தின் அமைப்பை 1913இல் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவர்கள் பிராக் என்னும் தந்தையும் மகனும் ஆவர். உப்புப் பளிங்கிலே ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரீன் எனத் தனித்த சோடி இல்லை. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரீன்களும், ஒவ்வொரு குளோரீனையும் ஆறு சோடியங்களும் சூழ்ந்து நிற்கின்றன. ஒரு சோடியமும் ஒரு குளோரீனும் மாத்திரம் அணுகினாலும் கவர்ச்சி உண்டு. இத்தகைய கூட்டத்திலோ அது மேலும் வலுப்பெறுகின்றது. எனினும் ஆம்ஸ்திரோங் என்னும் மூத்த இரசாயன அறிஞர் இதை ஏற்கவில்லை. உப்புக்குத் தனி மூலக்கூறு இல்லையென்பது அபத்தம் என 1927இல் 'நேச்சர்' இதழிலே கடிந்தெழுதினார். பழகிய எண்ணத்தைக் கைவிடுதல் அறிஞர்க்கும் அரிதே. ஆயினும் நிலைத்தது பிராக் கண்ட அமைப்புத்தான்.

இனிப் புத்தளத்துப் பாத்தியை மீண்டும் நோக்குங்கள். கடல்நீரிலே நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனையும் சூழ்ந்து பிரித்து வைத்திருக்கின்றன. சோடியத்தின் பக்கம் தம் ஒட்சிசன் முனையையும், குளோரீனின் பக்கம் ஐதரசன் முனையையும் அவை திருப்பி நிற்கின்றன. வெயில் நீரை அகற்ற அகற்ற, பிரிந்து நின்ற அயன்கள் மீண்டும் அணிவகுக்கின்றன. எஞ்சும் உப்பின் ஒவ்வொரு மணியும் பெரும்பாலும் சதுரமுகம் கொண்டு விளங்குவது அவ்வணிவகுப்பினாலேயே. இன்றிரவு உங்கள் வீட்டு உப்பில் ஒரு கல்லை எடுத்து விளக்கொளியிலே பாருங்கள். பிராக் கண்ட ஒழுங்கு உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கின்றது.