அடிமைமுறைப் புதினங்களும் பள்ளி வகுப்பறையும்: ‘ஹக்கிள்பெரி ஃபின்’ வழக்கை முன்வைத்து

அமெரிக்கப் பள்ளிகளில் மிகுதியாகக் கற்பிக்கப்பட்டதும் மிகுதியாக எதிர்க்கப்பட்டதுமான புதினங்களுள் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ ஒன்றாகும். இது இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வெளிவந்தது. அடிமைமுறை ஒழிக்கப்பட்டு இருபதாண்டு கழிந்தபின், அம்முறை நிலவிய காலத்தைக் களமாக்கிய படைப்பு இது. இது பள்ளியில் இடம்பெறத் தகுமா என்னும் வினாவை, இந்நூலுக்கு எழுந்த எதிர்ப்பின் வரலாற்றைக் கொண்டு அணுகுவதே பொருந்தும்.

1885 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு பொது நூலகம் இந்நூலை விலக்கியது. நடை கொச்சையானது, இளையோர்க்கு ஒவ்வாதது என்பனவே அன்று சொல்லப்பட்ட குறைகள்; கறுப்பின மக்களின் மனநிலை அவற்றுள் இடம்பெறவில்லை. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. 1957இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளின் பாடநூற் பட்டியலிலிருந்து இப்புதினத்தை நீக்கியது. இவ்விரண்டையும் நேரடிக் காரண காரியமாக இணைப்பது மிகை. எனினும், வெள்ளையின மாணவர் நடுவே கறுப்பின மாணவரும் அமர்ந்து இதைக் கேட்கும் வகுப்பறை உருவானபோதுதான் எதிர்ப்பின் பொருள் மாறியது எனலாம். 1982இல் வர்ஜீனியாவில், ட்வைனின் பெயரையே தாங்கிய பள்ளி ஒன்றின் கறுப்பின நிருவாகி இந்நூலை நீக்கக் கோரினார்.

கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் இப்புதினத்தில் 200 முறைக்கு மேல் வருகிறது. 2011இல் ஆலன் கிரிபன் பதிப்பித்த நியூசவுத் பதிப்பு, அச்சொல்லை ‘அடிமை’ என மாற்றியது. ஆசிரியர்கள் நூலையே கைவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது, நோக்கம் நல்லதே. ஆயின் அவ்விரு சொற்களும் ஒருபொருட் பன்மொழி அல்ல. ஹக்கின் தந்தை அந்த இழிசொல்லால் வசைபாடுவது, ஒஹையோவிலிருந்து வந்த, வாக்குரிமை பெற்ற ஒரு கல்லூரிப் பேராசிரியரை. அவர் அடிமையல்லர், அதுவே அத்தந்தையின் ஆத்திரத்துக்குக் காரணம். சட்டம் விடுவித்தவரையும் விடாத சொல்லை, சட்டநிலையைச் சுட்டும் சொல்லாக மாற்றினால் புதினத்தின் வரலாற்றுச் சான்று மறைந்துவிடும். (தமிழில் பெயர்ப்போர்க்கு இடர் இருமடங்கு, பக்தி இலக்கியத்தில் ‘அடிமை’ உவந்து ஏற்கும் நிலையும் அன்றோ?)

சொல்லை மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. நீராவிக் கப்பலில் வெடிவிபத்து நேர்ந்ததாக ஹக் கதை கட்டுகிறான். யாருக்கேனும் காயமா எனக் கேட்கும் சாலி அம்மையாரிடம், இல்லை, ஒரு கறுப்பர் இறந்தார் என்கிறான். அவரும் நல்லவேளை என்று நிறைவடைகிறார். இங்கு எள்ளல் இருவரின் மனச்சாட்சி மீதும் பாய்கிறது. பன்னிரண்டு வயது மாணவர் இதை எள்ளலாக உணர்வார் என்பதற்கு உறுதியில்லை. சிரிப்பொலி எழும் வகுப்பில் தனியே அமர்ந்திருக்கும் கறுப்பினச் சிறுவர்க்கு அது வேறாகவே கேட்கும். இறுதி இயல்களில், எஜமானியின் விருப்பாவணத்தால் ஜிம் முன்பே விடுதலை பெற்றதை அறிந்தும், டாம் அவரைச் சிறையில் வைத்தே விளையாட்டை நீட்டிக்கிறான். இதைப் படைப்பின் தளர்ச்சி என்போர் உளர். விடுதலை பெற்ற மக்களின் உரிமைகள் பறிபோன 1877க்குப் பிந்தைய காலத்தின் நிழலாகக் காண்பதே எமக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

இளமையில் இந்நூலைப் படித்தபோது உற்ற கலக்கத்தை 1996இல் எழுதிய முன்னுரையில் பதிவு செய்த டோனி மாரிசன், நூலை நீக்குவதைப் பெரியவர்களை அமைதிப்படுத்தும் எளிய தணிக்கையாகவே கண்டார். அவர் கூற்று ஏற்கத்தக்கது; ஆயினும் எவ்வகுப்பில், எந்நூல்களுடன் என்பது தனி வினா. இடைநிலை வகுப்புகளுக்கு இது உகந்ததன்று. மேல்நிலையில், அடிமைத்தளையிலிருந்து தப்பியோர் எழுதிய ஃபிரெடரிக் டக்ளஸின் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாறும் ஹாரியட் ஜேக்கப்ஸின் 1861ஆம் ஆண்டு நூலும் முன்னே படிக்கப்பெறின், ஜிம் வேடிக்கைப் பாத்திரமாகச் சுருங்கான். மின்னசோட்டாவின் டுலூத் பள்ளிகள் 2018இல் இப்புதினத்தைக் கட்டாயப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கின. 2024இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ இக்கதையை ஜிம்மின் வாய்மொழியாகச் சொல்கிறது. வெள்ளையர் எதிரே மட்டும் கொச்சை பேசும் அவன், தன் மக்களிடையே வேறு மொழியில் பேசுகிறான்.